நஞ்சுக்கொடி விழும்வரை: பொறுமை எதற்கு, அதற்கு எல்லை எது

குழந்தை வெளியே வந்ததும் அறையிலிருக்கும் எல்லாருடைய கவனமும் அதன் பக்கம் திரும்பிவிடும். நன்றாக அழுததா, எடை எவ்வளவு, யார் சாயல் என்று பேச்சு தொடங்கிவிடும். தாயின் உடலுக்கோ வேலை இன்னும் முடியவில்லை. கருப்பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடி கழன்று, சவ்வுகளோடு முழுதாக வெளியே வந்தால்தான் பிரசவம் முடிந்ததாகக் கணக்கு. குழந்தை பிறந்ததிலிருந்து அதுவரையிலான இடைவெளியை மருத்துவம் பிரசவத்தின் மூன்றாம் கட்டம் என்கிறது. மூன்று கட்டங்களில் இதுதான் மிகக் குறுகியது. ஆனால் தாயின் உயிரைப் பறிக்கக்கூடிய பெரும் உதிரப்போக்கு பெரும்பாலும் தலைகாட்டுவது இந்தக் கட்டத்திலும் இதையடுத்த சில மணி நேரத்திலும்தான். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் இப்படி உதிரம் பெருகுகிறது. சுமார் 70,000 பேர் இறந்துபோகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் பதறக் கூடாது, கொடி தானாகக் கழலும்வரை காத்திருக்க வேண்டும் என்று மருத்துவச்சிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். இன்றைய மகப்பேறு மருத்துவமும் அதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறது. சிக்கல், இந்தப் பொறுமை இரண்டு பக்கமும் திரிந்துபோவதுதான். நெரிசலான பிரசவ அறையில் அடுத்தவர் காத்திருக்கிறார், தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் வேலை முடிந்துவிடும் என்ற அவசரம் ஒரு பக்கம். ஊசி வேண்டாம், கடிகாரம் வேண்டாம், எத்தனை மணி நேரமானாலும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று இணையத்தில் பரவும் பேச்சு இன்னொரு பக்கம். இரண்டுமே தாய்க்கு ஆபத்து. இரண்டாவதைக் கண்டுதான் எனக்கு அதிக அச்சம். அது அக்கறையான அறிவுரை போலவே காதில் விழுகிறது.

இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கின்றன. கருப்பை இறுகுவதற்கு உதவும் ஊசி மருந்து வேறு, தொப்புள்கொடியை இழுக்கும் கை வேறு. பொறுமை தேவைப்படுவது கைக்கு. இதை விளங்கிக்கொள்ள, அந்த நிமிடங்களில் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது

நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி ஒரு வட்டத் தட்டு வடிவில் இருக்கும். குறுக்களவு 20 முதல் 22 செ.மீ., நடுத்தடிப்பு 2 செ.மீ.க்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ அரைக் கிலோ, அதாவது குழந்தையின் எடையில் ஆறில் ஒரு பங்கு. குழந்தையைப் பார்த்திருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும். அதிலிருந்துதான் தொப்புள்கொடி புறப்படுகிறது. மறுபக்கம் கருஞ்சிவப்பாக, 15 முதல் 20 மடல்களாகப் பிரிந்து, சொரசொரப்பாக இருக்கும். கருப்பைச் சுவரோடு ஒட்டியிருந்தது அந்தப் பக்கம்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. இரத்தம் பாய்கிறது. அதில் பெரும்பகுதி நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்குத்தான் போகிறது. நிறைமாதக் கர்ப்பிணியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே 6 லிட்டர் அளவுதான். கொடி கழன்றதும் அந்த இடத்தில் வாய் திறந்துகொள்ளும் இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளாவிட்டால், உடலில் இருப்பதெல்லாம் வடிந்துபோகப் பத்து நிமிடக் கணக்குதான். அப்படி நடக்காமல் உடல் தடுத்துக்கொள்ளும் விதம் வியப்பானது.

குழந்தை வெளியேறியதும் கருப்பை சட்டென்று சுருங்குகிறது. கருப்பைத் தசைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சுருங்கிய பிறகு அது பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்பாது. ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடும். ஆகவே சுவரின் பரப்பு குறைந்துகொண்டே வரும். நஞ்சுக்கொடிக்கு அந்தச் சுருங்கும் தன்மை கிடையாது. ஊதிய பலூனின் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுக் காற்றை இறக்கினால் தாள் மடிந்து உரிந்துகொள்வதுபோல, சுவர் சிறுத்ததும் கொடி அதைவிட்டு விலகுகிறது. கருப்பை உட்படலத்தின் பஞ்சு போன்ற அடுக்குதான் பிரியும் இடம். யாரும் பிய்க்க வேண்டியதில்லை. சுவர் சுருங்குவதுதான் பிரிக்கிறது.

1990களில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இந்தக் கட்டத்தை நேரடியாகப் பார்த்தபோது ஒரு முக்கியமான விவரம் தெரியவந்தது. குழந்தை பிறந்ததும் கருப்பையின் மற்றச் சுவர்கள் தடித்து இறுகிவிடுகின்றன. நஞ்சுக்கொடிக்கு அடியிலுள்ள சுவர் மட்டும் சிறிது நேரம் மெலிதாகவே இருக்கிறது. பிறகு அந்தச் சுவரும் தடிக்கத் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டால் கொடி கழல்வதும் வெளியேறுவதும் விரைவாகவே நடந்துவிடுகின்றன. மூன்றாம் கட்டம் 5 நிமிடமா 25 நிமிடமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மெலிந்த சுவர் விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம்தான். வெளியே நிற்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுவதும், கை பரபரப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

கழன்ற பிறகு இரத்தத்தை நிறுத்துவதும் அதே தசைதான். கருப்பையின் நடு அடுக்கில் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. இரத்தக் குழாய்கள் அவற்றின் இடைவெளிகளில் நுழைந்து வருகின்றன. தசை இறுகும்போது ஒவ்வொரு குழாயும் நாலாபக்கமும் நெரிபட்டு அடைபடுகிறது. அதன்மேல் இரத்தம் உறைந்து அடைப்பை உறுதியாக்குகிறது. ஆனால் இது முழுமையாக நடக்கக் கருப்பை காலியாக இருக்க வேண்டும். கொடி பாதி கழன்று பாதி ஒட்டிக்கொண்டிருந்தால், கழன்ற பக்கத்தில் குழாய்கள் திறந்திருக்கும்; ஒட்டிய பக்கம் தடுப்பதால் கருப்பையால் இறுக முடியாது. மூன்றாம் கட்டத்தின் மிக மோசமான நிலை இதுதான். அவசரப்படும் கை பெரும்பாலும் உண்டாக்குவதும் இந்த நிலையைத்தான்.

எத்தனை நிமிடம் ஆகலாம்

1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 13,000 பிரசவங்களைக் கணக்கெடுத்தார்கள். பாதிப் பேருக்கு 6 நிமிடத்துக்குள் கொடி விழுந்திருந்தது. 30 நிமிடத்தைத் தாண்டியவர்கள் 3.3 சதவீதம் பேர். அரை மணி நேரம் வரை உதிரப்போக்கின் ஆபத்து பெரிதாக ஏறவில்லை, அதன்பின் ஏறியது. 2005இல் வெளியான இன்னொரு ஆய்வு அந்த எல்லையை 18 நிமிடம் என்று முன்னே நகர்த்தியது.

மருந்தே கொடுக்காமல் காத்திருந்தால் நேரம் கூடும். 1988இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு 5 நிமிடத்துக்குள் முடிந்தது. இயற்கையாக விட்டவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடம் பிடித்தது. அதாவது இயற்கை வழியில் மீதிப் பாதிப் பேருக்குக் கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கிறது. வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இருபது நிமிடமாகிவிட்டதே என்று அவர்கள் பதறும் பதற்றம் உள்ளே இருப்பவர்களின் கையில் போய் விடியும்.

அவசரக் கை செய்யும் கேடு

கொடி கழன்றுவிட்டதற்கு அடையாளங்கள் உண்டு. திடீரென்று கொஞ்சம் உதிரம் சீறி வரும். வெளியே தெரியும் தொப்புள்கொடி சில விரற்கடை நீளும். கருப்பை உருண்டு திரண்டு, கெட்டிப்பட்டு, வயிற்றில் சற்று மேலே ஏறும். காரணம், கழன்ற கொடி கருப்பையின் கீழ்ப்பகுதிக்கோ பிறப்புறுப்புக்கோ இறங்கி, காலியான கருப்பையை மேலே தூக்கிவிடுகிறது.

அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் இந்த நேரத்தில் கையை எப்படி வைத்திருக்கிறார் என்று கவனித்தால் நிறையப் புரியும். தாயின் தொப்புளருகே, கருப்பையின் உச்சியில், சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு மட்டும் படும்படி கை அசையாமல் கிடக்கும். அழுத்தாது, பிசையாது. கருப்பை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது, அளவு பெருத்துக்கொண்டே போகிறதா என்பதெல்லாம் அந்த விளிம்பு வழியாகவே தெரியும். உள்ளுக்குள் உதிரம் தேங்கினால் கருப்பை மெத்தென்று பெருகும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாதபோதும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். ஐயம் வந்தால் இன்னொரு சோதனை உண்டு. இடுப்பெலும்புக்கு மேலே வயிற்றை மெல்ல அழுத்திக் கருப்பையை மேல்நோக்கித் தள்ளிப் பார்ப்பார். தொப்புள்கொடி உள்ளே இழுபட்டால் இன்னும் கழலவில்லை; இருந்த இடத்திலேயே இருந்தால் கழன்றுவிட்டது.

இந்த அடையாளங்கள் வருமுன் வயிற்றைப் பிசைந்தால் கருப்பை ஒழுங்கற்றுச் சுருங்கும். கொடி ஓரத்தில் மட்டும் பிரிந்து உதிரம் கொட்டத் தொடங்கும். தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் அது அறுந்து வரலாம். அப்புறம் கையை உள்ளே விட்டு எடுப்பதைத் தவிர வழியிருக்காது. தளர்ந்து கிடக்கும் கருப்பையிலிருந்து இழுத்தால், அதிலும் கொடி உச்சியில் ஒட்டியிருந்தால், கருப்பையே உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிக் கீழே இறங்கிவிடலாம். அது பல ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில்தான் நடக்கும். நடந்தால் தாய் சில நிமிடங்களில் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். உடனே கருப்பையை உள்ளே தள்ளி வைக்காவிட்டால் உயிர் போகும்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் கிரேடே, வயிற்றின் மேலிருந்து கருப்பையைப் பிடித்துப் பிழிந்து கொடியை வெளியே தள்ளும் முறையைப் பரப்பினார். நெடுங்காலம் அது வழக்கத்தில் இருந்தது. அதன் வலியையும் கேட்டையும் பார்த்த பிறகு வழக்கமான முறையாக அதைச் செய்வது கைவிடப்பட்டது. பின்னர் 1933இல் பிராண்ட், 1940இல் ஆண்ட்ரூஸ் என்ற இருவர் தனித்தனியே விவரித்த முறையிலிருந்து தொப்புள்கொடியைக் கட்டுப்பாடாக இழுத்து நஞ்சுக்கொடியை எடுக்கும் இன்றைய முறை உருவானது. அதன் விதிகளைப் படித்தால் அதிலும் பாதி காத்திருப்புதான். கருப்பை இறுகியிருக்கும்போது மட்டுமே இழுக்கலாம். மற்றக் கை இடுப்பெலும்புக்கு மேலே கருப்பையை எதிர்த்திசையில் தாங்கியிருக்க வேண்டும். 30, 40 நொடியில் கொடி இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்த சுருக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் இதைச் செய்யவே கூடாது.

இவ்வளவு கவனத்தோடு இழுப்பதால்தான் என்ன லாபம்? 2012இல் உலக சுகாதார நிறுவனம் 8 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. எல்லாருக்கும் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போடப்பட்டது. ஒரு பாதிக்குத் தொப்புள்கொடி இழுக்கப்பட்டது, மறு பாதிக்கு நஞ்சுக்கொடி தானாக வரட்டும் என்று விடப்பட்டது. கடுமையான உதிரப்போக்கில் இரு தரப்புக்கும் மிகச் சிறிய வேறுபாடே இருந்தது. உதிரத்தைக் கட்டுப்படுத்தும் பலத்தில் பெரும்பங்கு மருந்துக்குரியது, இழுக்கும் கைக்குரியது அல்ல என்பது இதில் தெளிவானது.

ஊசி பொறுமைக்கு எதிரி அல்ல

இயற்கை வழி சிறந்ததா, ஊசி சிறந்ததா என்ற வாதம் அரை நூற்றாண்டாக நடக்கிறது. பிரிஸ்டல் ஆய்வில் ஊசி போட்ட தரப்பில் 5.9 சதவீதம் பேருக்கும், இயற்கையாக விட்ட தரப்பில் 17.9 சதவீதம் பேருக்கும் 500 மி.லி.க்கு மேல் உதிரம் போனது. அங்கிருந்த மருத்துவச்சிகளுக்கு இயற்கை முறையில் பழக்கம் போதாது, அதனால்தான் இந்த முடிவு என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடி, இரண்டு முறையிலும் பழகிய மருத்துவச்சிகள் இருந்த, இங்கிலாந்தின் ஹின்சிங்புரூக் மருத்துவமனையில் மறுபடி ஆய்வு செய்தார்கள். 1998இல் வெளியான அந்த முடிவும் 6.8க்கு 16.5 என்றே வந்தது.

ஊட்டமாக இருக்கும் பெண்ணின் உடல் 500 மி.லி. இழப்பைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதே அளவு மயக்கத்திலும் அதற்கு மேலும் கொண்டுபோய் விடும். யாருக்கு எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால் ஊசியை ஏற்றுக்கொள்வதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் எல்லாப் பிரசவத்துக்கும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆக்சிடோசின் 10 யூனிட் என்பது அளவு. கருப்பையை இறுக்கும் இன்னொரு மருந்தான எர்கோமெட்ரின் கலந்த ஊசியால் வரும் குமட்டலும் வாந்தியும் ஆக்சிடோசினை மட்டும் கொடுத்தால் வெகுவாகக் குறைவு. மூளையடிச் சுரப்பியின் சாற்றுக்குக் கருப்பையைச் சுருக்கும் ஆற்றல் உண்டு என்று ஹென்றி டேல் 1906இல் கண்டார். அதிலிருந்த ஆக்சிடோசின் என்ற சுரப்பை 1953இல் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலில் தானாக ஊறும் பொருள்தான் ஊசியிலும் இருக்கிறது.

ஊசி என்றாலே கூடவே தொப்புள்கொடியை உடனே வெட்டி, உடனே இழுத்து எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மூன்றும் ஒரே கட்டாகச் செய்யப்பட்டன. இன்று அந்தக் கட்டு பிரிக்கப்பட்டுவிட்டது. மருந்து மட்டுமே உயிர்நாடி. தொப்புள்கொடியை இழுப்பது, தேர்ந்தவர் இருந்தால் விருப்பத்துக்குரியது. தொப்புள்கொடியை வெட்டுவதோ குறைந்தது 1 நிமிடம், பொதுவாக 1 முதல் 3 நிமிடம் தள்ளிப்போடப்பட வேண்டியது. பிறந்த கணத்தில் குழந்தைக்குரிய இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் நஞ்சுக்கொடியில்தான் இருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் 80 முதல் 100 மி.லி. வரை குழந்தைக்குள் வந்து சேருகிறது. அதிலுள்ள இரும்புச்சத்து முதல் சில மாதங்களுக்குக் குழந்தையின் கையிருப்பு. துடிப்பு அடங்கும்வரை தொப்புள்கொடியை வெட்டாதே என்ற பழைய பழக்கம் அறிவியலின் ஒப்புதலோடு பிரசவ அறைக்குத் திரும்பியிருக்கிறது. குழந்தைக்கு உடனடியாக மூச்சுக்கு உதவி தேவைப்பட்டால் மட்டும் கணக்கு மாறும்.

ஊசி வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை உண்டு. ஆபத்து குறைந்த பிரசவமாக இருந்தால் பிரிட்டிஷ் வழிகாட்டுதல் அந்த விருப்பத்துக்கு ஆதரவு தரச் சொல்கிறது. ஆனால் நிபந்தனைகளை மறைக்காமல் சொல்லவேண்டும். இரத்தசோகை இருக்கக் கூடாது. முன்பு உதிரப்போக்கு வந்திருக்கக் கூடாது. இரட்டைக் குழந்தையாக இருக்கக் கூடாது. வலி வருவதற்கு ஆக்சிடோசின் டிரிப் ஏற்றியிருக்கக் கூடாது. டிரிப் ஏறிய கருப்பை தன் சொந்தச் சுரப்புக்குச் சரியாகப் பதில் தராது. பக்கத்தில் பயிற்சி பெற்றவரும் கைக்கெட்டும் தூரத்தில் அதே ஊசியும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு வழியையும் கலக்கக் கூடாது. ஊசியும் போடாமல், தொப்புள்கொடியையும் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி.

காத்திருக்கும் நேரத்து வேலைகள்

சும்மா இருப்பது காத்திருப்பதாகாது. முதலில் தாயின் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை ஒரு பக்கம் தள்ளி, சுருங்கவிடாமல் தடுக்கும்; எத்தனையோ தாமதங்கள் சிறுநீர் கழித்ததும் தீர்ந்துவிடுகின்றன. தாய் நிமிர்ந்து உட்காரவோ குந்தவோ முடிந்தால் கழன்ற கொடி தன் எடையாலேயே இறங்கும். அவர் முக்கினாலே பெரும்பாலும் வந்துவிடும்.

குழந்தையைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுவது நல்லது. தோல் தோலோடு படுவதும், குழந்தை மார்பைத் தேடிச் சப்புவதும் தாயின் உடலில் ஆக்சிடோசினைச் சுரக்கவைக்கும். குளிரும் அச்சமும் கூச்சலும் அட்ரினலினை ஏற்றி அதற்குக் குறுக்கே நிற்கும். அதனால் அறை கதகதப்பாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும் என்று மருத்துவச்சிகள் வற்புறுத்துவதில் காரணம் இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறந்த உடனே பாலூட்டினால் உதிரப்போக்கு குறையுமா என்று மலாவி நாட்டில் சோதித்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் அதில் தென்படவில்லை. பாலூட்டலுக்குச் சிறப்புகள் ஏராளம். ஊசிக்கு மாற்று என்பது அவற்றில் ஒன்றல்ல.

கண்ணளவில் உதிரத்தை மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். துணியில் ஊறியது, விரிப்பின் அடியில் தேங்கியது, பனிக்குட நீரோடு கலந்தது என்று பாதி கணக்கில் வராது. தாயின் இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து உதிரத்தைச் சேகரித்து அளந்து, அளவு மீறியதும் சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தடிக்காமல் ஒருசேரத் தொடங்கும் முறையை ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் சோதித்தார்கள். 2023இல் வெளியான அந்த முடிவில் கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்திருந்தன. புது மருந்து எதுவுமில்லை. அளந்ததும் உடனே செயல்பட்டதும்தான். நாடித்துடிப்பையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே நாடி ஓடத் தொடங்கிவிடும்.

காத்திருப்பு முடியும் இடம்

உதிரம் பெருகினால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஐந்தாவது நிமிடமானாலும் பொறுமை அங்கே முடிந்தது. 500 மி.லி. என்பது நெடுங்கால எல்லை. 300 மி.லி. தாண்டியதோடு நாடியோ இரத்த அழுத்தமோ மாறியிருந்தால் அப்போதே சிகிச்சையைத் தொடங்கு என்று 2025இல் உலக சுகாதார நிறுவனம் எல்லையை முன்னே கொண்டுவந்திருக்கிறது.

உதிரம் அடங்கியிருந்து, தாயும் தெளிவாக இருந்து, கொடி மட்டும் வரவில்லை என்றால் ஊசி போட்டவருக்கு 30 நிமிடம், போடாதவருக்கு 60 நிமிடம் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதலின் கணக்கு. அதைத் தாண்டினால் கொடி தங்கிவிட்டதாகக் கொண்டு, நரம்பில் ஊசிவழி போட்டு, அறுவைக்கூடத்தில் தகுந்த மயக்க மருந்தோடு கையால் எடுப்பார்கள். தொற்று வராமலிருக்க ஆன்டிபயாட்டிக்கும் கொடுப்பார்கள். தங்கிப்போவதற்குக் காரணங்கள் பல. கொடி கழன்றும் கருப்பைவாய் மூடிக்கொண்டதால் உள்ளே சிக்கியிருக்கலாம். அடிச்சுவர் இறுகாமலே இருக்கலாம். மிக அபாயமானது, கொடி தசைக்குள்ளேயே வேர்விட்டிருப்பது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு, அதிலும் கொடி கீழே தழும்பின்மேல் படிந்திருந்தால், இது நேர வாய்ப்பு அதிகம். இவர்களுக்குச் சொட்டு உதிரமும் வராமல் எல்லாம் அமைதியாக இருக்கும். இழுத்த கணத்தில் வெள்ளம் திறந்துகொள்ளும். ஆகவே உதிரமும் இல்லை, கொடியும் வரவில்லை என்றால் இழுத்துப் பார்க்கும் எண்ணமே கூடாது.

அறுவைக்கூடம் இல்லாத இடத்தில் இந்த 30, 60 நிமிடக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. பயண நேரத்தை அதிலிருந்து கழித்தாக வேண்டும். பெரிய மருத்துவமனை முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தால், அரை மணி நேரம் வரை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்பது தாமதம். பயிற்சி பெற்றவர் எவரும் இல்லாமல் வீட்டில் பிரசவம் பார்த்து, கொடிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதை இயற்கை என்று அழைப்பவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். பத்து நிமிடத்தில் வடிந்துபோகக்கூடிய இரத்தத்தை உங்களில் யார் நிறுத்துவீர்கள்?

வந்த பிறகு

கொடி வெளியே வரும்போது இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மெல்லச் சுழற்றியபடி எடுப்பார்கள். பின்னால் வரும் சவ்வுகள் கிழியாமல் முறுக்கிக்கொண்டு முழுதாக வரும். அதைத் தட்டில் பரப்பிப் பார்ப்பது சடங்கு அல்ல. சொரசொரப்பான பக்கத்தை மேலாக வைத்து, இரத்தக் கட்டிகளைத் துடைத்து, மடல்களை விரலால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார்கள். எல்லாம் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஒரு மடல் பிய்ந்த பள்ளம் இருந்தால் அந்தத் துண்டு உள்ளே இருக்கிறது. பிறகு திருப்பிப்போட்டு, வழவழப்பான பக்கத்தில் ஓடும் இரத்தக் குழாய்களின் முடிவைப் பார்ப்பார்கள். குழாய் ஒன்று கொடியின் விளிம்பையும் தாண்டிச் சவ்வுக்குள் ஓடி, அங்கே கிழிந்த ஓட்டையில் முடிந்தால், தனியாக வளர்ந்த சிறு மடல் ஒன்று கருப்பைக்குள் தங்கிவிட்டது என்று பொருள். தொப்புள்கொடியை வெட்டிய முகத்தில் இரண்டு தமனியும் ஒரு சிரையுமாக மூன்று துளைகள் தெரிய வேண்டும்.

அதன் பிறகு முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் இப்போது தேய்த்துவிடுவது சரி. கொடி கழலுமுன் தவறாக இருந்த அதே செயல், கருப்பை காலியான பிறகு சிகிச்சையாகிவிடுகிறது.

வீட்டுக்குப் போன பின்னும் சிறு துண்டோ சவ்வோ தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. குறைந்துவந்த உதிரம் மறுபடி கூடினாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தாலோ தாயை அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். பிரசவமாகி இரண்டு வாரம் கழிந்திருந்தாலும் இது பொருந்தும்.